கதவில் வைத்த சப்பாத்து

எந்த மண்டபத்துக்குள் நுழைந்தாலும் அக்கா முதலில் தேடுவது வெளியே போகும் வழியைத்தான். வாசலில் நின்று கழுத்தை மெல்லத் திருப்பி, சிவப்பு எழுத்தில் எரியும் 'எக்சிட்' பலகைகள் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்ப்பார். பிறகுதான் மணமக்கள், சொந்தக்காரர், சாப்பாடு எல்லாம். அந்தப் பலகைகளில் ஒன்றுக்குக் கீழே இருக்கும் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டால் அதன்பிறகு அவரை யாராலும் அசைக்க முடியாது. ரொறன்ரோ ஸ்காபுரோவில் ஒரு கல்யாணத்தில் கேக் மேசையை அந்தக் கதவுக்கு முன்னால் போட்டுவிட்டார்கள். அக்கா மாப்பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டு நகர்த்தச் சொன்னார். அந்தக் கல்யாண வீடியோவில் இன்றைக்கும் பட்டு வேட்டி கட்டிய ஒரு பெரிய மனிதர் வியர்க்க விறுவிறுக்க மேசை தள்ளுவதைப் பார்க்கலாம்.

என் கணவர் அவருக்கு 'எக்சிட் அக்கா' என்று பட்டம் வைத்தார். பிறகு மோர்னிங்சைட்டில் எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழர்கள் எல்லோருக்கும் அவர் அதுவாகவே ஆகிப்போனார். அவருக்கு இது தெரியும். கோபித்ததில்லை.

எங்களுக்கு இரண்டு மாடி மேலே தனியாக இருந்தார். எலிவேற்றரில் ஏறமாட்டார், படிதான். முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற முழங்காலோடு, இரண்டு கையிலும் மரக்கறிப் பையோடு, படி ஏறுவார். ஒஷாவாவில் இருக்கும் மகன் தன் வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்ற் அறையைத் திருத்தி, தனிக் குளியலறையெல்லாம் கட்டி, வந்து இருங்கோ அம்மா என்று எவ்வளவோ கெஞ்சினான். அக்கா ஒருமுறை போய் மேலே நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். கோயிலிலும் அப்படித்தான். ஒரு பழைய கிடங்கைக் கோயிலாக மாற்றியிருந்தார்கள். எல்லோரும் சாமிக்குக் கிட்டப் போக முண்டியடிக்கும்போது அக்கா செருப்பும் சப்பாத்தும் கழற்றி வைக்கும் தட்டுக்குப் பக்கத்தில், கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு கும்பிடுவார்.

நானும் பயந்தவள்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. விமானம், தண்ணீர், நாய், சீருடை போட்ட எவரும், எனக்குப் பயம். ஆனால் எனக்குப் பயம் வந்தால் போர்வைக்குள் புகுந்துகொள்வேன். அக்காவுக்கு வந்தால் வெளியே ஓடுவார். இதனாலேயே எங்கள் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போனது என்று நினைக்கிறேன்.

ஒரு நாளில் மட்டும் அவருடைய இந்தக் குணம் சிரிப்புக்கு உரியதாக இருக்காது. அது அவருடைய கணவரின் திவசம். விடியவே சமைக்கத் தொடங்கி, வாழையிலையில் சோறும் கறிகளும் பாகற்காய்ப் பொரியலும் வைத்து, பக்கத்தில் பால் விடாத ஒரு பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் வைப்பார். விளக்கு ஏற்றிச் சாம்பிராணி போடுவார். படைத்துவிட்டால் எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிட வேண்டும். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். இடையில் இறந்தவர் வந்து சாப்பிட்டுப் போவார் என்பது நம்பிக்கை. அக்கா சாத்தமாட்டார். வெளியே வருவார், கொரிடோரில் நிற்பார், கதவு மட்டும் ஆவென்று திறந்து கிடக்கும். சாம்பிராணிப் புகை அந்த மாடி முழுவதும் போய், பக்கத்து வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.

கணவரின் தங்கை, அக்காவின் மச்சாள், பிறம்ரனிலிருந்து வருடா வருடம் தவறாமல் வருவார். வருடா வருடம் தவறாமல் அதையே சொல்லுவார்.

"கதவு திறந்து கிடந்தால் அண்ணை எப்பிடி வருவார்? இந்த நாட்டுக்கு வந்த நாளிலை இருந்து அந்த மனிசன் பட்டினி."

 அன்று முழுக்க அக்காவும் சாப்பிடமாட்டார்.

எகிப்துக் கதை வந்தது இப்படித்தான். காசி பார்த்து, அலாஸ்கா பார்த்து அலுத்துப்போன எங்கள் ஆட்களுக்கு நைல் நதியில் கப்பல் பயணம் ஒழுங்கு செய்ய ஒரு அண்ணை புறப்பட்டார். தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா இருக்கத் தெரியாதவர். நூலகத்தில் ஒரு அறை எடுத்துப் படம் போட்டுக் காட்டினார். ஆற்றங்கரைக் கோயில்கள், மலையைக் குடைந்த சிலைகள், பூமிக்கு அடியில் அரசர்களின் கல்லறைகள். வர்ணம் தீட்டிய சுவர்களோடு சரிந்து சரிந்து உள்ளே போகும் ஒரு சுரங்கத்தின் படம் வந்தபோது பின்வரிசையில் இருந்து, கதவுப்பக்கமிருந்துதான், அக்காவின் குரல் கேட்டது.

"உதுக்குள்ளை போய்வர எத்தனை வாசல்?"

"ஒண்டுதான் அக்கா. போன வழியாலைதான் வரோணும்."

"அப்ப என்ரை பேரையும் எழுதுங்கோ."

அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தோம். என் கணவர் பகிடி விடக்கூட மறந்துபோனார். இரண்டு கிழமை கழித்து அக்கா என்னிடம் வந்து, தனக்குத் துணைக்கு நானும் வரவேண்டும், ஒரே அறையில் தங்கலாம் என்றார். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். அவ்வளவு காலப் பழக்கத்தில் அதுவரை சொல்லாத கதை.

ஊரில், யுத்த காலத்தில், கல்யாணமாகி இரண்டாம் வருடம். மகன் கைக்குழந்தை. பொம்மர் விமானச் சத்தம் கேட்டதும் வீட்டு வளவுக்குள் பதுங்கு குழியாக வெட்டி வைத்திருந்த பங்கருக்குள் எல்லோரும் குதித்துவிட்டார்கள். குழந்தை மாமியார் மடியில். அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்தே இருட்டுக்குள் அடைபட முடியாது, மூச்சு நின்றுவிடும். பங்கர் வாசலில் நின்றுவிட்டார், கணவர் உள்ளே.

"கையை நீட்டிக்கொண்டு 'உள்ளுக்கை வா'வெண்டு கூப்பிட்டவர். நான் போகேல்லை. என்னைக் கூட்டிக்கொண்டு போகவெண்டு அவர் வெளியிலை வந்தார்."

குண்டு வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்தது. பங்கருக்குள் இருந்த ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அக்காவுக்கும் இல்லை. சிதறிய துண்டு ஒன்று அந்த மனிதரின் கழுத்தில் பட்டது.

"இப்ப அவரை உள்ளுக்கை வைச்சுக் கதவைச் சாத்தெண்டு சொல்லினம். எப்பிடிப் பிள்ளை சாத்திறது? அவர் கூப்பிட்ட இடத்துக்கு நான் போகேல்லை. தனிய விட்டுப் பூட்டச் சொல்லினம்." பிறகு தொடர்ந்தார். "ஒருக்கா எண்டாலும் கடைசி மட்டும் உள்ளுக்கை போய்ப் பாக்கோணும். நான் திரும்பினால் நீ என்ரை கையைப் பிடிச்சு இழு."

இழுப்பதற்கு அவர் பிடித்த ஆளைப் பாருங்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. இவர் உள்ளே போய் மூச்சு நின்று விழுந்தால் மகனுக்கு நான் என்ன பதில் சொல்வது என்பதுதான் விமானம் ஏறும்வரை என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அஸ்வானில் கப்பல் ஏறினோம். எங்களுக்குக் கிடைத்தது அடித்தட்டு அறை. யன்னலுக்கு வெளியே ஆறு எங்கள் கட்டில் மட்டத்தில் ஓடியது. எனக்கு அது போதும் உயிர் போக. அக்காவுக்கோ யன்னல் பிரச்சினையில்லை, கதவுதான் பிரச்சினை. அது தானாகவே சாத்திக்கொள்ளும் பாரமான கதவு. அவர் தன் ஒரு சப்பாத்தைக் கழற்றி இடுக்கில் வைத்தார். அறை துப்புரவாக்கும் பையன் வந்து சப்பாத்தை எடுத்து உள்ளே ஒழுங்காக வைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவான். அக்கா திரும்பவும் வைப்பார். இப்படி இருவருக்கும் ஒரு போட்டியே நடந்தது. ஒரு நாள் அந்தப் பையன் எங்களைச் சந்தோஷப்படுத்த எண்ணித் குளிக்கும் துவாயை முதலை மாதிரி மடித்து, என் கறுப்புக் கண்ணாடியையும் அதற்குப் போட்டு, கட்டிலில் படுக்க வைத்திருந்தான். நான் போட்ட கூச்சலில் மாலுமிகள் ஓடி வந்தார்கள்.

கரையில் கப்பல்கள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கரைக்குப் போவதென்றால் அடுத்த கப்பலின் வரவேற்பறைக்குள்ளால் போய், அதற்கு அடுத்ததற்குள்ளால் போய்த்தான் இறங்க வேண்டும். அக்கா இதைப் பார்த்து நடுங்கிப்போனார். "எங்கட வாசல் மற்றவன்ரை வாசலுக்குள்ளாலை எல்லோ போகுது" என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். உண்மையில் நானும் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. அவர் சொன்ன பிறகு நானும் இடையில் நிற்கும் கப்பல்களை எண்ணத் தொடங்கினேன்.

அபு சிம்பல் போன நாளை எங்கள் குழுவில் ஒருவரும் மறக்கமாட்டார்கள். பாலைவனத்துக்குள் பஸ்ஸில் மணிக்கணக்காகப் போகவேண்டும். அக்கா வழக்கம்போலக் கதவோடு ஒட்டிய முன் ஆசனத்தில். நடுவழியில் ஒரு சோதனைச் சாவடி, மண்மூட்டை, துப்பாக்கியோடு ஒரு இளம் ஆமிக்காரன். பஸ் நின்றது. சாரதி கதவைத் திறந்தார். அக்கா எழுந்தார், கைப்பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்தார், இறங்கினார், தெரு ஓரமாக நின்றார்.

அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் இறங்கினோம். ஒருவரும் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்கள் கைப்பையைத் திறந்து, உள்ளே பார்க்க வசதியாகச் சரித்துப் பிடித்துக்கொண்டோம். ஒழுங்கு செய்த அண்ணை தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ரொறன்ரோவில் வீடு வாங்கி விற்கிற ஆட்கள், பேரப்பிள்ளை கண்ட ஆட்கள், அந்த வெயிலில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வழிகாட்டியாக வந்த எகிப்தியப் பையன் பின்னால் ஓடி வந்து, உங்களை யார் இறங்கச் சொன்னது என்று கேட்டான். யாரும் சொல்லவில்லை, ஊரில் சோதனைச் சாவடிகளில் பழகிய கால்கள் தாமாகவே இறங்கியிருந்தன. அந்த ஆமிக்காரன் இரண்டடி பின்னால் போய்த் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தான். அவனுக்கு எங்களைப் பார்த்துப் பயம். எங்களுக்கு அவனைப் பார்த்துப் பயம். 

திரும்ப ஏறி உட்கார்ந்த பிறகு யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. கோயில் வந்து, அந்த நான்கு பெரிய ராசா சிலைகளின் பாதத்தடியில் போய் நின்றோம். அக்கா உள்ளே வரவில்லை. "நான் இதிலை நிக்கிறன், நீ போய்ப் பாத்திட்டு வா" என்றார். நானும் வற்புறுத்தவில்லை.

எட்ஃபுவில் வல்லூறுத் தலைச் சாமியின் கோயில். எங்கள் கோயில்களைப் போலவே வெளிவீதி வெளிச்சமாக இருந்து, ஒவ்வொரு மண்டபமாகக் கூரை பதிந்து, இருட்டு ஏறி, கடைசியில் மூலஸ்தானம். வழிகாட்டிப் பையன் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது நான் அக்காவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மண்டபத்துக்குள் வந்தார். இரண்டாவதற்குள்ளும் வந்து ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முகம் மாவாய் வெளுத்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். இழு என்று அந்தக் கண் கேட்டது. எனக்கு இழுக்கக் கை வரவில்லை. அவர் திரும்பி, வெயிலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்துவிட்டார்.

லக்சரில் அரசர்களின் பள்ளத்தாக்கு. அக்கா அதற்காகத்தான் வந்தார். சரிவான மரப்பாதையில் இறங்கத் தொடங்கியபோது நான் முன்னால், அவர் பின்னால், அவருக்குப் பின்னால் எந்தெந்த நாட்டுச் சனமோ. மேலே நீலக் கூரை முழுவதும் நட்சத்திரம் தீட்டியிருந்தார்கள். பார்க்கிற மனநிலையில் நான் இல்லை. வெக்கை, வியர்வை நாற்றம், பின்னால் அக்காவின் மூச்சு. பாதை திரும்பி வாசல் வெளிச்சம் மறைந்த இடத்தில் அந்த மூச்சு கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா அத்தனை சனத்தையும் எதிர்த்து, ஒரு வெள்ளைக்காரரின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளி, மேலே ஏறிக்கொண்டிருந்தார். நான் வெளியே வந்தபோது நிழலில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள், விசிறினார்கள், வயது போனால் இப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார்கள்.

"நாளைக்கு வெளிக்கிடுறம், என்ன பிள்ளை" என்றார் என்னிடம். வேறொன்றும் சொல்லவில்லை. எனக்குப் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் நிம்மதியாகவும் இருந்தது. எல்லாம் முடிந்தது, உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

பின்னேரம் மற்றவர்கள் கல்லுச் சாமான் கடைக்குப் போனார்கள். வழிகாட்டிப் பையன் அக்காவின் முகத்தைப் பார்த்திருப்பான் போலிருக்கிறது. பக்கத்து மலையில் பழைய அதிகாரி ஒருவரின் சின்னக் கல்லறை இருக்கிறது, சனம் இல்லை, விருப்பமென்றால் வாருங்கள் என்றான். நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுக்குமுன் அக்கா எழுந்துவிட்டார்.

மலைச்சரிவில் ஒரு இரும்புக் கதவு. உள்ளே மின்விளக்கு இல்லை. நீண்ட அங்கி போட்ட ஒரு காவற்காரக் கிழவர் வெள்ளிக் கடதாசி ஒட்டிய பலகை ஒன்றை வெயிலில் பிடித்து, அந்த வெளிச்சத்தை வாசல்வழியாக உள்ளே திருப்பி விட்டார். வெளிச்சம் நேராகப் போய்க் கடைசிச் சுவரில் விழுந்தது. உள்ளே விளக்கம் சொல்லக் கூடாது என்பதால் பையன் வெளியே நின்றுகொண்டான். நாங்கள் இருவரும் மட்டும்.

இந்த முறை நான் அவருடைய கையைப் பிடித்தேன். தைரியத்தில் அல்ல, எனக்குப் பிடிக்க ஏதாவது வேண்டியிருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் ஆட்கள் ரொட்டியும் வாத்தும் பழக்கூடையும் தூக்கிக்கொண்டு எங்களோடு கூடவே உள்ளே போனார்கள். சில அடி போனதும் அக்கா கையை விடுவித்துக்கொண்டு நின்றார். நான் திரும்பினேன். வாசல் அவருக்குப் பின்னால், பலகையின் வெளிச்சம் அவரைச் சுற்றி. என் வாயில் வந்ததை நான் யோசித்துச் சொல்லவில்லை. கையை நீட்டி, "உள்ளுக்கை வாங்கோ அக்கா" என்றேன்.

சொன்ன பிறகுதான் யாருடைய சொல்லைச் சொன்னேன் என்று விளங்கியது.  அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தார். பிடித்தபடியே என்னைக் கடந்தும் போனார். கடைசி அறைக்குள் நாங்கள் நுழைந்த அந்த நேரம் பார்த்து வெளிச்சம் அணைந்தது.

பிறகு விசாரித்ததில் கிழவருக்குத் தும்மல் வந்து பலகையைக் கீழே வைத்தாராம், அவ்வளவுதான். ஆனால் அந்த இருட்டில் அது எனக்குத் தெரியாது. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றாக இருந்த இருட்டு. அக்காவின் கை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. அவர் ஓடும் சத்தம் கேட்டது. வாசல் பக்கம் அல்ல, மற்றப் பக்கம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். சத்தம் நின்றது. பிறகு, என்னிடம் சொல்கிற குரலாக இல்லாமல், மெதுவாக, ஒரு இளம்பெண் பேசுவது போல அக்கா சொன்னது கேட்டது.

"வந்திட்டன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது கிடையாது. பொம்மருக்கும் கூட.

வெளிச்சம் திரும்பியபோது அக்கா கடைசிச் சுவரில் இருந்த ஒரு கதவில் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு நின்றார். நிலை, படி, மேல்விட்டம் எல்லாம் உள்ள கதவு. இருட்டுமுன் அதைக் கண்டு வைத்திருக்கிறார். வேறெங்கும் போல இங்கேயும் வெளியே போகும் வழியைத்தான் முதலில் பார்த்திருக்கிறார். ஆனால் அது கதவில்லை. முழுக் கல்லில் கதவு மாதிரிச் செதுக்கியிருந்தது. தள்ளினால் மலையைத்தான் தள்ள வேண்டும்.

வெளியே வந்து, தண்ணீர் குடித்து முடிந்தபின் வழிகாட்டிப் பையனிடம் கேட்டோம். எங்கள் இங்கிலீசும் அவனுடைய இங்கிலீசும் ஒருமாதிரி ஒத்துப்போனது. அது இறந்தவருக்கான கதவு என்றான். வீட்டார் அதற்கு முன்னால் ரொட்டியும் இறைச்சியும் படைத்துவிட்டுப் போவார்களாம். அவர் அந்தக் கல்லுக்குள்ளால் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போவாராம். எப்போதும் பூட்டித்தானே கிடக்கிறது என்று அக்கா கேட்டார். பூட்டியிருப்பது எங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை என்றான் பையன். அவன் இதைத் தினமும் பத்துப் பேருக்குச் சொல்பவன். சொல்லிவிட்டுத் தன் போனைப் பார்த்தான்.

அன்று மாலை கப்பலின் மேல்தட்டில், மலைகள் சிவந்து வரும்போது அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, உள்ளுக்கை வைச்சுப் பூட்டினதெண்டு இல்லையாம். அவை நினைச்சபடி வந்து போவினமாம்."

நான் ஓம் என்றேன். இருட்டில் யாரிடம் பேசினீர்கள் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. பதிலைக் கேட்க எனக்குப் பயம்.

அந்த வருடத் திவசம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. மகன் குடும்பத்தோடு வந்திருந்தான். மச்சாளும் பிறம்ரனிலிருந்து, சொல்லப்போவதைத் தயாராக வைத்துக்கொண்டு வந்திருந்தார். இலை போட்டு, படைத்து, விளக்கேற்றி, அக்கா வழமையான அளவு சாம்பிராணியைப் போட்டார். எல்லோரும் கொரிடோருக்கு வந்தோம். கடைசியாக அக்கா வந்தார். திரும்பி, பிடியைப் பிடித்து, கதவைச் சாத்தினார். மச்சாள் வாயைத் திறந்தபடியே நின்றார்.

அந்த அளவு சாம்பிராணி திறந்த கதவுக்கு உரியது என்பதை எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளே புகை அலாரம் அலறத் தொடங்கியது.

பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. யாரோ என்ன நெருப்பா என்று கேட்டார்கள். மகன் திறப்பைத் தாங்கோ அம்மா என்றான். உள்ளே எரியும் விளக்கு இருக்கிறது, யன்னல் சீலை இருக்கிறது.  அந்தக் கட்டடத்தில் எந்த அலாரம் அடித்தாலும், பொய்யோ மெய்யோ, முதல் ஆளாகக் கீழே நிற்பவர் அக்கா. பனிக்காலத்தில் நாங்கள் காதைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும்போது, போகிற வழியில் எங்கள் கதவையும் அடித்து எழுப்பிவிட்டுப் போகிறவர். அவர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றார். பின்னால் கையைக் கொண்டுபோய்ப் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"அண்ணி, திறவுங்கோ" என்றார் மச்சாள். அவரே சொன்னார்.

அக்கா அசையவில்லை. "அவர் சாப்பிட்டு முடியட்டும்" என்றார்.

அலாரம் கத்திக்கொண்டே இருந்தது. இடுக்கால் புகை வந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று எனக்குத் தெரியாது, எனக்கு அது ஒரு முழு யுத்தம். பிறகு அக்கா திரும்பி, விருந்தாளி வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி மெதுவாகத் தட்டிவிட்டு, திறப்பைப் போட்டுத் திறந்தார். புகை மூட்டத்துக்குள் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. மகன் துவாயைத் தூக்கி விசிறி அலாரத்தை நிறுத்தினான். நான் இலையைப் பார்க்கவில்லை. மச்சாள் பார்த்தார். பார்த்துவிட்டு அக்காவுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அன்று அக்கா சாப்பிட்டார், இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகும் அவர் எலிவேற்றரில் ஏறவில்லை. மண்டபங்களில் சிவப்புப் பலகைக்குக் கீழேதான் இருந்தார். திவசத்துக்கு மட்டும் கதவு சாத்தப்பட்டது, சாம்பிராணி குறைக்கப்பட்டது. பிறகு ஒரு பனி மாரியில், ஆஸ்பத்திரிக்குப் போன சில நாட்களிலேயே போய்விட்டார். கட்டில் கதவோரம் வேண்டுமென்று தாதிகளோடு மல்லுக்கட்டி வாங்கியிருந்தார்.

போன மாதம் அவருடைய முதலாவது திவசம், ஒஷாவாவில் மகன் வீட்டில். அறைக்குள் படைத்தார்கள். வெங்காயம் போடாத கறிகள், பிளேன்ரீ, பனங்கட்டி. எல்லோரும் வெளியே வந்ததும் மகன் கதவைச் சாத்தப் போனான். நான் என் சப்பாத்துகளில் ஒன்றை எடுத்துவந்து இடுக்கில் வைத்தேன்.

"அன்ரி, கதவைச் சாத்தோணும் எல்லோ? அம்மாவே சாத்தினவ" என்றான்.

"அது அப்பாவுக்கு. உங்கட அம்மா பூட்டின அறைக்குள்ளை வரமாட்டா."

அவன் சப்பாத்தைப் பார்த்தான். பிறகு கதவிலிருந்து கையை எடுத்துவிட்டான். எல்லோரும் வீட்டு முன் ஹோலுக்குப் போனார்கள். நான் மட்டும் அங்கே நின்றேன். அந்த இடுக்கால் விளக்கின் வெளிச்சம் மெல்லிய கீலமாகத் தெரிந்தது. அதற்குள் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் சப்பாத்தை எடுக்கவில்லை.